ஃபெர்குசன் வெளியே அனுப்பிய வீரர்கள்: அணியைக் காத்தது கண்டிப்பா, தயாராக இருந்த மாற்று ஆளா?

நடுக்களம் எழுதியது:

இங்கிலாந்துக் கால்பந்துக் கழகமான மான்செஸ்டர் யுனைடெட் தடுமாறும்போதெல்லாம் நம்மில் பலர் ஒரே முடிவுக்கு வந்து நிற்கிறோம். அதன் பழைய மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் இருந்திருந்தால் இந்த வீரர்களில் பாதிப் பேரை எப்போதோ வெளியே அனுப்பியிருப்பார், அணியும் நிமிர்ந்திருக்கும் என்கிறோம். இன்ஸ், ஸ்டாம், பெக்காம், கீன், வான் நிஸ்டல்ரூய் என்று பெயர்களை அடுக்கி, அவர்கள் எல்லோரும் அவருடைய கண்டிப்பைத் தாங்காமல் போனவர்கள் என்றும், அந்தக் கண்டிப்புதான் 13 லீக் பட்டங்களைக் கொண்டுவந்தது என்றும் பேசுகிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வெளியேற்றத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், வெற்றியைக் கொடுத்தது கண்டிப்பு மட்டும்தானா என்ற கேள்வி எழாமல் இருக்காது.

1995 கோடையை எடுத்துக்கொள்வோம். பால் இன்ஸ் இன்டர் மிலானுக்கும், மார்க் ஹியூஸ் செல்சிக்கும், ஆந்திரே கான்செல்ஸ்கிஸ் எவர்ட்டனுக்கும் போனார்கள். மூவரும் ஒரே கோடையில் போனதால், மூன்றும் ஃபெர்குசனின் கோபத்தால் நடந்தவை என்று பின்னாளில் எழுதப்பட்டுவிட்டது. இன்ஸ் விஷயத்தில் மட்டுமே அது அவருடைய சொந்த முடிவு. ஹியூஸ் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலேயே இருந்து வெளியேறினார். அவரை இழக்க ஃபெர்குசன் விரும்பவில்லை. கான்செல்ஸ்கிஸோ தாமே வெளியேற வேண்டும் என்று கேட்டவர். ரசிகர்கள் கொதித்தார்கள், ஃபெர்குசனை நீக்க வேண்டுமா என்று உள்ளூர்ப் பத்திரிகை வாக்கெடுப்பே நடத்தியது. ஆகஸ்ட் 19 அன்று ஆஸ்டன் வில்லாவிடம் 1-3 என்று தோற்றபோது, சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று கால்பந்து விமர்சகர் ஆலன் ஹேன்சன் தொலைக்காட்சியில் சொன்னார். அன்று யுனைடெட்டின் ஒரே கோலை அடித்தவர் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய பெக்காம்.

அந்தப் பருவத்தின் முடிவில் லீக் பட்டம், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் யுனைடெட்டுக்கே வந்தன. பெக்காம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் ஆகியோர் பல ஆண்டுகளாக இளையோர் அணியில் வளர்க்கப்பட்டு, வாய்ப்புக்காகக் காத்திருந்தவர்கள். இன்ஸ் இருந்த இடத்தில் பட் நின்றார், கான்செல்ஸ்கிஸ் இருந்த இடத்தில் பெக்காம் நின்றார். அந்த இளைஞர்கள் இல்லாமல் அதே மூன்று வீரர்களும் போயிருந்தால், 1995ஆம் ஆண்டை நாம் இன்று ஃபெர்குசனின் பெரும் பிழையாகத்தான் நினைவுகூர்ந்திருப்போம். ஒருவரை அனுப்புவதில் இருக்கும் துணிவு பெரிதல்ல, அவருக்குப் பதில் நிற்கப்போகிறவரை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வளர்க்கத் தொடங்குவதுதான் பெரிது என்பது என் எண்ணம். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வலதுவிளிம்பு எழுதியது:

நடுக்களம் அவர்களே, 1995ஐத் தேர்ந்தெடுத்ததால்தான் உங்கள் வாதம் இவ்வளவு எளிதாக நிற்கிறது. ஆறு ஆண்டுகள் பின்னே போய், 1989ஐப் பாருங்கள். 1986 நவம்பரில் ஃபெர்குசன் பொறுப்பேற்றபோது அவர் கையில் கிடைத்தது, ஆட்டம் முடிந்ததும் மதுக்கடைக்குப் போவதை உரிமையாகவே கருதிய ஒரு அணி. பால் மெக்ராத்தும் நார்மன் வைட்சைடும் அந்த அணியில் ரசிகர்கள் உயிரையே வைத்திருந்த இருவர். வைட்சைட் 1985 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெற்றி கோலை அடித்தவர். 1989 கோடையில் மெக்ராத்தை வில்லாவுக்கும், வைட்சைடை எவர்ட்டனுக்கும் ஃபெர்குசன் விற்றார். அப்போது எந்த இளையோர் படை தயாராக இருந்தது?

தடுப்பாட்டக்காரர் பாலிஸ்டரை 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். இன்ஸ், வெப், ஃபீலன், வாலஸ் என்று அதே ஆண்டில் பலரைச் சேர்த்தார். அந்தச் செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 1-5 என்று தோற்றார்கள். பருவத்தின் முடிவில் 13ஆம் இடம். மாற்று ஆள் கைகொடுக்கும் என்ற உறுதி அவருக்கு எள்ளளவும் இல்லாத காலம் அது. தம் வேலையே ஊசலாடிக்கொண்டிருந்தபோதும், இந்த அணி எப்படி வாழ வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும், யார் ஆடுவது என்பது அடுத்தபடிதான் என்று அவர் முடிவெடுத்தார். 1992இல் இளையோர் கோப்பையை வென்ற பையன்கள் வளர்ந்தது அந்த முடிவுக்குப் பிறகு உருவான ஒழுங்கில்தான். பயிற்சி முடிந்த பிறகும் தனியாக நின்று பந்தடிக்கும் பழக்கத்தை அவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள, அப்படி நிற்கும் மூத்தவர்கள் அங்கே வேண்டும் அல்லவா? ஆகவே கண்டிப்பு முதலில் வந்தது, மாற்று ஆட்கள் அதன் விளைவாக வந்தார்கள். நீங்கள் வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறீர்கள்.

பெக்காமின் வெளியேற்றத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். 2003 பிப்ரவரி 15, ஓல்டு டிராஃபோர்டில் ஆர்சனலிடம் எஃப்.ஏ. கோப்பை ஐந்தாம் சுற்றில் 0-2 தோல்வி. இரண்டாவது கோலின்போது பெக்காம் பின்னால் ஓடி வரவில்லை என்று டிரெஸ்ஸிங் ரூமில் ஃபெர்குசன் கடிந்துகொள்ள, பெக்காம் பதில் பேச, ஃபெர்குசன் தரையில் கிடந்த பூட்ஸை உதைத்தார். அது பெக்காமின் கண்ணுக்கு மேலே பட்டு வெட்டிவிட்டது. அதன்பின் பெக்காம் தலைமுடியை ஒரு பட்டையால் பின்னுக்கு வாரிக் கட்டி, புருவத்தின் மேல் ஒட்டியிருந்த கட்டு நன்றாகத் தெரியும்படி காரில் போனார். அந்தப் படம் உலகமெங்கும் அச்சானது. அதே ஆண்டு ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டு, மாற்றாக இறங்கி இரண்டு கோல் அடித்தார். இருந்தும் ஜூனில் 3.5 கோடி யூரோவுக்கு அதே ரியல் மாட்ரிட்டுக்கு விற்கப்பட்டார். அந்த ஆண்டு லீக் பட்டம் வென்ற அணியிலிருந்து, உலகமே அறிந்த முகத்தை, மேலாளரைவிட எவரும் பெரியவர் அல்லர் என்ற ஒரே காரணத்துக்காக விற்கும் துணிவைத்தான் நான் கண்டிப்பு என்கிறேன்.

கடைசித்தடுப்பு எழுதியது:

நண்பர் வலதுவிளிம்பு 1989ஐக் கொண்டுவந்தது நல்லதாயிற்று. ஆனால் மெக்ராத்தின் கதையை அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மெக்ராத்துக்கு மதுப் பழக்கம் இருந்தது, முழங்கால்கள் பழுதுபட்டிருந்தன, இனி நெடுநாள் ஆட மாட்டார் என்று யுனைடெட் கணக்குப் போட்டது. வில்லாவில் அவருக்குத் தனிப் பயிற்சி முறை வகுத்தார்கள். முழங்கால்கள் தாங்காது என்பதால் அன்றாடப் பயிற்சியிலிருந்து விலக்கு அளித்தார்கள். 1993இல் சக ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் பருவத்தில் யுனைடெட்டைக் கடைசி வரை துரத்தி இரண்டாம் இடம் பிடித்த அணி வில்லாதான். 1994இல், லீக் பட்டத்திலிருந்து வேறான லீக் கோப்பையின் இறுதியில் வில்லா யுனைடெட்டை 3-1 என்று வென்றது. மெக்ராத் அந்த ஆட்டத்திலும் இருந்தார். லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்ற அந்த ஆண்டில், உள்நாட்டுக் கோப்பைகள் மூன்றையும் வெல்ல யுனைடெட்டுக்கு இருந்த வாய்ப்பு அந்த ஒரு மாலையில் போனது. நோயுற்ற ஒரு மனிதரைத் தண்டிப்பதா, கவனித்துக்கொள்வதா என்ற கேள்விக்கு வில்லா வேறு விடை கண்டது, அந்த விடை பலித்தது. வைட்சைட், மெக்ராத் இருவரையும் விற்றதால் அணியின் பழக்கவழக்கம் மாறியது என்பதை ஏற்கிறேன். அந்த மாற்றத்துக்கு இந்த விலை கட்டாயமாக இருந்ததா என்றால், இல்லை என்றே சொல்வேன்.

அடுத்து, யாப் ஸ்டாம். இந்த இழையில் அவர் பெயரைக் கடந்துபோனால் தடுப்பாட்டக்காரர்களை நேசிக்கும் எனக்கு மனம் ஆறாது. 1998இல் பி.எஸ்.வி. அணியிலிருந்து 1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கப்பட்ட ஸ்டாம், தாம் ஆடிய மூன்று பருவங்களிலும் லீக் பட்டம் வென்றார். லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் வந்த 1999ஆம் ஆண்டின் தூண் அவர். 2001 ஆகஸ்டில் அவருடைய சுயசரிதை வெளிவந்தது. அதில் அவர் எழுதியவை பத்திரிகைகளில் பெரிதாக்கப்பட்ட சில நாட்களிலேயே லாட்சியோவுக்கு 1.6 கோடி பவுண்டு அளவில் விற்கப்பட்டார். விற்கப்படும் செய்தியை ஃபெர்குசன் தம்மிடம் ஒரு பெட்ரோல் பங்க்கில் வைத்துச் சொன்னார் என்று ஸ்டாமே பின்னர் கூறியிருக்கிறார். ஐரோப்பாவின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவருக்கு விடைகொடுக்கப்பட்ட இடம் அது.

காயத்துக்குப் பிறகு ஸ்டாமின் வேகம் குறைந்துவிட்டதாகக் கருதியே விற்றேன், புத்தகத்துக்காக அல்ல என்பது ஃபெர்குசன் தந்த விளக்கம். எதுவாக இருந்தாலும், அவர் இடத்துக்கு வந்தவர் 35 வயதான லோரான் பிளாங். அந்தப் பருவத்தில் யுனைடெட் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. பிரீமியர் லீக் தொடங்கிய பிறகு அவர்கள் இரண்டாம் இடத்துக்குக் கீழே முடித்தது அதுவே முதல் முறை. ஆர்சனல் பட்டத்தை உறுதிசெய்தது ஓல்டு டிராஃபோர்டிலேயே. அடுத்த கோடையில் ஃபெர்டினாண்டுக்காக ஏறக்குறைய 3 கோடி பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. ஸ்டாமோ இத்தாலியில் மேலும் ஐந்து ஆண்டுகள் ஆடி, 2005இல் மிலானுக்காக சாம்பியன்ஸ் லீக் இறுதியிலும் நின்றார். விற்றது பிழை என்று ஃபெர்குசனே பின்னாளில் சொல்லியிருக்கிறார் என்பதை அவருடைய ஆதரவாளர்களும் அறிவார்கள்.

ஆக, நடுக்களம் சொன்னது ஸ்டாம் விஷயத்தில் அப்படியே பொருந்துகிறது. கண்டிப்பு அதேதான், மனிதரும் அதே மனிதர்தான். மாற்று ஆள் இல்லை. ஆகவே அடி விழுந்தது.

பெஞ்சிலிருந்து எழுதியது:

விற்கப்பட்டவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். விற்கப்படாமலே உடைந்துபோன ஒருவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜிம் லெய்ட்டன், அபர்டீன் காலத்திலிருந்தே ஃபெர்குசனின் கோல்கீப்பர். 1983இல் ரியல் மாட்ரிட்டை வென்று கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய அணியில் இருந்தவர். அவரை நம்பித்தான் 1988இல் மான்செஸ்டருக்கு அழைத்து வந்தார். 1990 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் கிறிஸ்டல் பேலஸுடன் 3-3 என்று சமனில் முடிந்தது. லெய்ட்டன் சரியாக ஆடவில்லை. ஐந்தே நாளில் நடந்த மறு ஆட்டத்தில் அவரை நீக்கிவிட்டு, லூட்டனிலிருந்து கடனாக வந்திருந்த லெஸ் சீலியை ஃபெர்குசன் நிறுத்தினார். 1-0 என்று வென்றார்கள். ஃபெர்குசனுக்கு மான்செஸ்டரில் கிடைத்த முதல் கோப்பை அது. சீலி தம் பதக்கத்தை லெய்ட்டனிடம் கொடுக்க முன்வந்தார். லெய்ட்டன் அதன்பின் யுனைடெட்டின் முதன்மைக் கோல்கீப்பராகத் திரும்பவே இல்லை.

அவர் முடிந்துபோன ஆட்டக்காரரும் அல்லர். 1998 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக, 39 வயதில், ஸ்காட்லாந்தின் கோலைக் காத்தவர் அவரே. லெய்ட்டனை நீக்கிய அந்த ஒரு முடிவு ஃபெர்குசனின் பதவியைக் காப்பாற்றியிருக்கலாம். அவருக்காகப் பல ஆண்டுகள் உழைத்த ஒருவரின் வாழ்க்கையில் எட்டு ஆண்டுக் காயத்தையும் அது உண்டாக்கியது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் கண்டிப்பைப் புகழ்வது எனக்குச் சம்மதமில்லை.

நடுக்களம் எழுதியது:

லெய்ட்டனை நினைவூட்டியதற்கு நன்றி. வலதுவிளிம்பு அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மேலாளரைவிட எவரும் பெரியவர் அல்லர் என்பது ஃபெர்குசனின் விதி என்கிறீர்கள். அந்த விதி எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்ததா?

1995 ஜனவரி 25 அன்று செல்ஹர்ஸ்ட் பார்க்கில், சிவப்பு அட்டை பெற்று வெளியேறிக்கொண்டிருந்த எரிக் கான்டோனா, தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து ஒரு ரசிகரை எட்டி உதைத்தார். கால்பந்துச் சங்கம் எட்டு மாதத் தடை விதித்தது, நீதிமன்றம் சமூக சேவைத் தண்டனை அளித்தது. வேறு எந்த வீரராக இருந்தாலும் அத்தோடு கதை முடிந்திருக்கும். அந்த ஆகஸ்டில், இங்கிலாந்தே வேண்டாம் என்று கான்டோனா பிரான்சுக்குப் போய்விட்டபோது, ஃபெர்குசன் பாரிசுக்கே போய், அவருடன் உட்கார்ந்து இரவு உணவருந்தி, பேசித் திரும்ப அழைத்து வந்தார். அக்டோபர் 1 அன்று லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பிய கான்டோனா அன்றே பெனால்ட்டியில் கோல் அடித்தார். அந்தப் பருவத்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெற்றி கோலும் அவருடையதே. இன்ஸை விற்ற அதே கோடையில், அதே மனிதர், இதைச் செய்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

2010 அக்டோபரில் ரூனி வெளியேற விரும்புவதாக அறிவித்தார். அணியின் தரத்தையே பொதுவெளியில் கேள்விக்குள்ளாக்கினார். பெக்காமோ கீனோ செய்ததைவிட அது குறைந்த குற்றம் அல்ல. ஃபெர்குசன் செய்தியாளர்களைச் சந்தித்து, கோபத்தைவிட வருத்தமே மேலோங்கிய குரலில் பேசினார். சில நாட்களிலேயே ரூனி ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்தப் பருவத்தில் யுனைடெட் 19ஆவது லீக் பட்டத்தை வென்று லிவர்பூலை முந்தியது. ரூனியைப் போகவிடாததற்குக் காரணம் எளியது: அவருக்குப் பதில் யாரும் இல்லை. ரொனால்டோவை முந்தைய ஆண்டே 8 கோடி பவுண்டுக்கு விற்றிருந்தார்கள். டெவெஸ் சிட்டிக்குப் போயிருந்தார்.

ஃபெர்குசன் யாரிடம் கண்டிப்பாக இருப்பது, யாரிடம் பொறுத்துப்போவது என்று எடை போட்டவர். அந்தத் தராசின் ஒரு தட்டில் எப்போதும் மாற்று ஆள் இருந்தார் என்றுதான் சொல்கிறேன்.

ஸ்ட்ரெட்ஃபோர்டு_மேடை எழுதியது:

இவ்வளவு பேசியும் ராய் கீனைத் தொடாமல் இருக்கிறோம். இந்த விவாதத்தின் மையமே அவர்தான் என்பது என் கருத்து.

ஃபெர்குசனின் கண்டிப்பு என்று நாம் சொல்வதில் பாதிக்கும் மேல், ஆடுகளத்தில், கீனின் வாயிலாகவே நடந்தது. 1997இல் கான்டோனா ஓய்வு பெற்றதும் கேப்டன் பொறுப்பு கீனிடம் வந்தது. பயிற்சியில் ஒருவர் சோம்பினால் முதலில் எரிந்து விழுபவர் அவர். 1999 ஏப்ரலில் தூரினில் யுவென்டஸிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது, தலையால் முதல் கோலை அடித்து அணியைத் தூக்கி நிறுத்தினார். அதே ஆட்டத்தில் பெற்ற மஞ்சள் அட்டையால் இறுதி ஆட்டம் தமக்கு இல்லை என்று தெரிந்த பிறகும் ஓட்டத்தைக் குறைக்கவில்லை. யுனைடெட்டுக்காக 480 ஆட்டங்கள், ஏழு லீக் பட்டங்கள்.

2005 அக்டோபர் இறுதியில் மிடில்ஸ்பரோவிடம் 1-4 என்று தோற்ற பிறகு, காயத்தால் வெளியே இருந்த கீன், கழகத்தின் சொந்தத் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். சக வீரர்களை அவர் விமர்சித்த விதத்தைப் பார்த்து அந்தப் பேட்டியை ஒளிபரப்பவே இல்லை. நவம்பர் 18 அன்று, 12 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு காலைப்பொழுதில் அவருடைய யுனைடெட் வாழ்க்கை முடிந்தது. கீன் செய்ததென்ன? எட்டு ஆண்டுகளாக மேலாளரின் பெயரால் மூடிய அறைக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை, அன்று மேலாளரின் அனுமதியின்றிச் சொன்னார். வேறுபாடு அவ்வளவுதான். கண்டிப்பு யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பதே அங்கே எழுந்த பிரச்சினை.

அடுத்த சில மாதங்களில் வான் நிஸ்டல்ரூய். 219 ஆட்டங்களில் 150 கோல் அடித்தவர். 2006 பிப்ரவரியில் கார்டிஃப்பில் விகனுக்கு எதிரான லீக் கோப்பை இறுதியில் அவரை பெஞ்சில் உட்கார வைத்து சஹாவை ஆடவிட்டார் ஃபெர்குசன். 4-0 என்று வென்றுகொண்டிருக்கிறார்கள், நேரம் முடியப்போகிறது, எல்லைக்கோட்டருகே மாற்று ஆட்டக்காரர்கள் தயாராகிறார்கள். இறங்கியவர்கள் ஜனவரியில் வந்து சேர்ந்த தடுப்பாட்டக்காரர்கள் விடிச்சும் எவ்ராவும். அத்தனை கோல்களை அடித்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். மே மாதம் பருவத்தின் கடைசி லீக் ஆட்டத்தில் சேர்க்கப்படாதபோது மைதானத்தை விட்டே கிளம்பிவிட்டார். ஜூலையில் ரியல் மாட்ரிட்டுக்குப் போய், முதல் பருவத்திலேயே 25 கோல் அடித்து ஸ்பெயினில் அதிக கோல் அடித்தவரானார். அந்த அணியும் லீக்கை வென்றது.

அதே பருவத்தில் யுனைடெட்டும் லீக்கை வென்றது. வான் நிஸ்டல்ரூய் இருந்த ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு லீக் பட்டம். அவர் போன பிறகு 2007, 2008, 2009 என்று தொடர்ந்து மூன்று. பெனால்ட்டிப் பெட்டிக்குள் நின்று கோலடிக்கும் ஒருவருக்காகப் பந்தைக் கொண்டுவந்து சேர்க்கும் ஆட்டத்தைக் கைவிட்டு, ரூனியும் ரொனால்டோவும் இடம் மாறி மாறிப் பாயும் ஆட்டத்துக்கு அணி மாறியதே அதற்குக் காரணம். இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள், ஃபெர்குசனின் ஆட்ட அறிவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அவருடைய சினத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ஆட்டத் திட்டம் இருந்தது.

வலதுவிளிம்பு எழுதியது:

ஸ்ட்ரெட்ஃபோர்டு மேடை அவர்கள் எழுதியது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. கீனுக்கு மாற்று ஆள் அன்று யார்? எவரும் இல்லை. நடுக்கள வீரர் காரிக் வந்தது அடுத்த கோடையில்தான். அந்த ஆண்டு யுனைடெட் சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றிலேயே, தன் பிரிவில் கடைசி இடத்தில் வெளியேறியது. செல்சி அள்ளி இறைத்த பணத்துக்கு முன்னால் லீக்கும் கைநழுவிக்கொண்டிருந்தது. வேறு எந்த மேலாளரும் அந்த நிலையில் கேப்டனை இழக்க அஞ்சியிருப்பார். நடுக்களம் சொல்லும் தராசின்படி பார்த்தால் கீனைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஃபெர்குசன் பொறுக்கவில்லை. ரொனால்டோ, ரூனி, ஃப்ளெட்சர் போன்ற இருபதைத் தாண்டிய பையன்கள் மூத்தவரின் ஏச்சுக்கு அஞ்சாமல் வளர வேண்டுமானால், அந்தக் குரல் அறையிலிருந்து போக வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஸ்டாம் விற்கப்பட்ட 2001-02 பருவத்தின் வீழ்ச்சிக்கும் இன்னொரு காரணம் உண்டு. அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுவதாக ஃபெர்குசன் முன்னதாகவே அறிவித்திருந்தார். போகப்போகும் மேலாளரின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்? 2002 பிப்ரவரியில் முடிவை மாற்றிக்கொண்டு, அடுத்த ஆண்டே லீக்கை மீட்டார். கண்டிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பருவமே சாட்சி.

கடைசித்தடுப்பு எழுதியது:

ஓய்வு அறிவிப்பு ஒரு காரணம் என்பதை ஃபெர்குசனே சொல்லியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் பிளாங்கின் கால்கள் ஓடாததற்கு ஓய்வு அறிவிப்பு பொறுப்பாகாது.

நாம் பேசியாக வேண்டிய கடைசிப் பெயர் போக்பா. 2011இல் யுனைடெட் இளையோர் கோப்பையை வென்ற அணியின் நடுக்கள வீரர். 2011 டிசம்பர் 31, ஃபெர்குசனின் 70ஆவது பிறந்த நாள். பட்டியலின் அடியில் கிடந்த பிளாக்பர்ன் ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்தது. நடுக்களத்தில் பலருக்குக் காயம். அன்று அந்த இடத்தில் நின்றவர்களில் ஒருவர் வலது பின்வரிசை வீரரான ரஃபேல். போக்பா ஆடவில்லை. 2-3 என்று யுனைடெட் தோற்றது. அடுத்த மாதமே, முந்தைய மே மாதம் ஓய்வு பெற்ற ஸ்கோல்ஸைத் திரும்ப அழைத்தார்கள். போக்பாவுக்கு அதன் பொருள் புரியாமல் இருக்குமா? 2012 கோடையில் யுவென்டஸுக்குப் போய், நான்கு ஆண்டுகளில் நான்கு இத்தாலிய லீக் பட்டங்களை வென்றார்.

அந்த 2011-12 பருவத்தில் யுனைடெட்டும் சிட்டியும் தலா 89 புள்ளிகள் பெற்று, கோல் வித்தியாசத்தில் பட்டம் சிட்டிக்குப் போனது. பிளாக்பர்ன் ஆட்டத்தில் ஒரு புள்ளி கிடைத்திருந்தாலும் போதும். இளைஞர்களை வளர்த்து மூத்தவர்களை அனுப்பியவர் என்று 1995க்காகப் புகழப்படும் அதே மனிதர், கடைசியில் மூத்தவரைத் திரும்ப அழைத்து இளைஞரை இழந்தார். 2013 மே மாதம் அவர் விடைபெற்றபோது கிக்ஸுக்கு 39 வயது, ஸ்கோல்ஸுக்கு 38, ஃபெர்டினாண்டுக்கு 34, எவ்ராவுக்கு 32. அந்த அணியை வாங்கிக்கொண்ட அடுத்த மேலாளர் மோய்ஸ், அணி ஏழாம் இடத்தில் கிடக்க, பருவம் முடிவதற்குள் நீக்கப்பட்டார். அதன்பின் இன்றுவரை லீக் பட்டம் இல்லை.

பெஞ்சிலிருந்து எழுதியது:

போக்பா 2016இல் 8.9 கோடி பவுண்டுக்குத் திரும்பி வந்தாரே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதைய மேலாளர் மொரீனியோ கண்டிப்பில் ஃபெர்குசனுக்குக் குறைந்தவர் அல்லர். 2018 செப்டம்பரில் போக்பாவிடமிருந்து துணைக் கேப்டன் பொறுப்பைப் பறித்தார். டிசம்பரில் வேலையை இழந்தவர் மொரீனியோதான். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சொத்தின் மதிப்பைக் குறைக்கும் மேலாளரை எந்த இயக்குநர் குழுவும் நெடுநாள் தாங்காது. ஃபெர்குசனுக்குப் பின்னால் கழக நிர்வாகிகளான மார்ட்டின் எட்வர்ட்ஸும், பிறகு டேவிட் கில்லும் நின்றார்கள். 13ஆம் இடத்தில் முடித்தபோதும் எட்வர்ட்ஸ் நின்றார்.

நடுக்களம் எழுதியது:

பெஞ்சிலிருந்து அவர்கள் சொல்வது ஏற்கத்தக்கது. ஆனால் நிர்வாகம் துணை நின்ற ஒரு அண்மைக் காலச் சான்றும் இருக்கிறது. 2022 அக்டோபரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்க மறுத்து, ஆட்டம் முடிவதற்குள் ரொனால்டோ கிளம்பிப் போனார். மேலாளர் டென் ஹாக் அவரை அடுத்த ஆட்டத்திலிருந்து நீக்கினார். நவம்பரில் ஒப்பந்தமே முடிக்கப்பட்டது. கழகம் முழுமையாக மேலாளரின் பக்கம் நின்றது. ஃபெர்குசனின் ஆண்டுகள் திரும்பிவிட்டன என்று அன்று நாமெல்லாம் மகிழ்ந்தோம். அந்தப் பருவத்தில் மூன்றாம் இடமும் லீக் கோப்பையும் கிடைத்தன. 2023இல் சான்சோ என்ற வீரரையும் டென் ஹாக் அதே வழியில் ஒதுக்கினார். இம்முறை எட்டாம் இடம்.

கண்டிப்பும் இருந்தது, நிர்வாகத்தின் துணையும் இருந்தது. ரொனால்டோ போன இடத்துக்குக் கடனாக வந்தவர் வெக்ஹார்ஸ்ட். லீக்கில் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 2003இல் பெக்காம் போன கோடையிலோ, லிஸ்பனிலிருந்து 18 வயதுப் பையனாக இருந்த இதே ரொனால்டோவை 1 கோடியே 22 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கி, பெக்காமின் 7ஆம் எண் சட்டையை அவருக்கே கொடுத்தார்கள். அந்தப் பையன் முழு ஆட்டக்காரராகப் பழுக்க மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளும் லீக் பட்டம் இல்லாமல் ஃபெர்குசன் காத்திருந்தார், கழகமும் காத்திருந்தது.

வலதுவிளிம்பு எழுதியது:

காத்திருக்க விட்டார்கள் என்றால், 1989இல் அவர் செய்ததை அறிந்திருந்ததால்தான் விட்டார்கள். கீன் விஷயத்தில் உங்கள் விடைக்காக இன்னும் காத்திருக்கிறேன்.

நடுக்களம் எழுதியது:

கீனுக்கு அப்போது 34 வயது. பாதம் முறிந்து, அந்தப் பருவத்தில் லீக்கில் ஐந்தே ஆட்டங்கள் ஆடியிருந்தார். அவர் போன பிறகு அணி ஓ'ஷே, கிக்ஸ், ஃப்ளெட்சர் என்று கிடைத்தவர்களை நடுக்களத்தில் நிறுத்தி இரண்டாம் இடம் பிடித்தது. 2001இல் கீனுக்கு 30 வயது. அந்த ஆண்டு அவர் இதே பேட்டியைக் கொடுத்திருந்தால் ஃபெர்குசன் அவரை அனுப்பியிருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். அனுப்பியிருக்க மாட்டார் என்பது என் விடை.